மின்னலுக்குக் குடை பிடித்தோம்

பெங்களூர் தொம்மலூரில் இடி இடித்தால் எங்கள் அடுக்ககத்தில் முதலில் தட்டப்படுவது என் வீட்டுக் கதவுதான். கரண்ட் போயிருக்கும், அழைப்புமணி வேலை செய்யாது, அதனால் தட்டுவார்கள். “அங்கிள், நீங்க கரண்ட் ஆபீஸ்லதானே இருந்தீங்க? எப்ப வரும்?” கேட்பவர்கள் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள். மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். நான் வேலை பார்த்தது மலைமேல் போகிற இரண்டு லட்சத்து இருபதாயிரம் வோல்ட் கம்பிகளில். அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம், கப்பல் கேப்டனுக்கும் குளியலறைக் குழாய்க்கும் உள்ள சம்பந்தம். விளக்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் “அரை மணியில வந்துரும்பா” என்று சொல்லிவிடுகிறேன். பாதி நாள் வந்தும் விடுகிறது. என்மேல் மதிப்பு ஏறியிருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் இவ்வளவு சுலபமாக எனக்குப் பெயர் கிடைத்ததில்லை.

சென்ற மாதம் திவ்யா போன் செய்தார். என்னிடம் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தவர். இன்று நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இருக்கிறார். நிறுவனத்தின் ஆண்டு மலருக்கு ஓய்வுபெற்றவர்களிடம் கட்டுரை வாங்குகிறார்களாம்.

“சார், அந்தக் குடை ப்ராஜெக்ட் பத்தி எழுதுங்க. இப்பவும் ட்ரெய்னிங்ல அதைத்தான் சொல்லித் தர்றாங்க.”

“எல்லாத்தையும் எழுதலாமாம்மா?”

“பாசிட்டிவா எழுதுங்க சார்.”

பாசிட்டிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடித்தபோது இது மலருக்கு ஆகாது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

என் அப்பா மாநில அரசு அலுவலகத்தில் தட்டச்சர். ஆஸ்டின் டவுனில் வாடகை வீடு. வீட்டுக்குள் தமிழ், வாசலுக்கு வெளியே கன்னடமும் உருதுவும். பொறியியல் முடித்தவுடன் மின்கடத்தல் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பயிற்சியின் முதல் பாதியில் மின்சாரம் சொல்லித் தந்தார்கள். இரண்டாம் பாதியில் கோப்பு எழுதச் சொல்லித் தந்தார்கள். முதல் பாதி கல்லூரியிலேயே படித்ததுதான். இரண்டாம் பாதி சாகும்வரை மறக்காது. பிறகு மலைநாட்டுக்கு அனுப்பினார்கள். அணையில் பிறக்கும் மின்சாரம் மேற்கு மலையைத் தாண்டிச் சமவெளிக்கு வரும் பாதை அது. அந்த மலைமுகட்டில் நின்ற கோபுரங்கள்தான் என் பொறுப்பு.

அங்கே என்ன வேலை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் போகும் கம்பிகளுக்கெல்லாம் மேலே, உச்சியில், ஒரு மெல்லிய கம்பி ஓடும். எர்த் வயர். அதில் கரண்ட் கிடையாது. மின்னல் விழுந்தால் தலையில் வாங்கிக்கொண்டு, கோபுரத்தின் கால் வழியாக மண்ணுக்குள் இறக்கிவிடுவது அதன் கடமை. மண் வாங்கிக்கொண்டால் விஷயம் முடிந்தது. ஊரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மலைமுகட்டில் மண் எங்கே இருக்கிறது? ஒரு முழம் தோண்டினால் பாறை. பாறை மின்னலை வாங்காது. வந்த மின்னல் போக்கிடம் இல்லாமல் கோபுரத்திலேயே தேங்கி, கம்பிகளைத் தாங்கும் பீங்கான் தட்டுகளைத் தாண்டி கரண்ட் கம்பிமேல் பாயும். உடனே லைன் தானாக நின்றுவிடும். ‘ட்ரிப்’ என்போம். பெங்களூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. மழைநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எங்கே வரும்? வீட்டுக்குள்.

அடைப்பை நீக்குவதுதான் வழி. கோபுரத்தின் கால்களிலிருந்து இரும்புக் கம்பிகளை நிலத்தடியில் நீளமாக இழுத்து, நல்ல மண் கிடைக்கும் சரிவுவரை கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். நான் கண்டுபிடித்ததல்ல, பாடப்புத்தகத்தில் இருப்பது. இதில் ஒரே ஒரு குறை. புதைத்த பிறகு கண்ணுக்குத் தெரிய ஒன்றும் இருக்காது. படம் எடுக்க முடியாது. ரிப்பன் கட்டினால் புல்லில்தான் கட்ட வேண்டும்.

கோபுரத்தின் கால் மண்ணோடு எவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறது என்று அளக்க ஒரு கருவி உண்டு. முறைப்படி அளப்பதென்றால் லைனை நிறுத்தி, உச்சிக்கு ஆளை ஏற்றி, எர்த் வயரைக் கோபுரத்திலிருந்து பிரித்துவைக்க வேண்டும். பிரிக்காமல் அளந்தால் அந்தக் கம்பி வழியாக அடிவாரம்வரை நிற்கும் கோபுரங்கள் எல்லாம் சேர்ந்து கைகொடுக்கும். கருவி அருமையான அளவைக் காட்டும். பக்கத்து மேசைகளைப் பார்த்துப் பரீட்சை எழுதியவன் பாஸ் ஆவதைப் போல. எங்கள் பிரிவில் வழிவழியாக ஜூலை மாதம், கொட்டும் மழையில், எர்த் வயரைப் பிரிக்காமல்தான் அளந்துவந்தார்கள். மலையே சேறாக இருக்கும்போது பாறைகூட நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். மின்னல் வருவதோ ஏப்ரல், மே மாதங்களில், நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது. அறிக்கைப்படி எங்கள் கோபுரங்களின் கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் பிறந்தால் லைன் ஓயாமல் ட்ரிப் ஆகும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை.

ஒரு ஏப்ரலில் பராமரிப்புக்காக லைனை நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து நான் முறைப்படி அளந்தேன். கூட இருந்தது முனுசாமி. கோபுர வேலைக்கு ஆள் கொண்டுவரும் மேஸ்திரி. பூர்வீகம் ஓசூர்ப் பக்கம், குடும்பம் பெங்களூர் நீலசந்திராவில்.

“சார், முள்ளு எங்கயோ போய்க்கினே கீதே. மெஷினு கெட்டுப்போச்சா?” என்றார்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. கோபுரம்தான் மண்ணுல இல்ல.”

அளவுகளை எழுதி பெங்களூர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். முந்தைய ஆண்டுகளின் அளவுகள் திருப்திகரமாக இருப்பதால் கருவியைப் பரிசோதனைக்கு அனுப்பவும் என்று பதில் வந்தது. அனுப்பினேன். கருவி நலமாக இருக்கிறது என்ற சான்றிதழோடு திரும்பியது. அடுத்த கடிதத்தில் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நானும் சான்றிதழோடு திரும்பினேன். அதன் பிறகு வேறு வழியில்லாமல் கோப்பு தலைமைப் பொறியாளர் நஞ்சுண்டையாவின் மேசைக்குப் போனது.

நஞ்சுண்டையா குள்ளமான, சுத்தமான மனிதர். கோடையிலும் டை கட்டுவார். யார் அறைக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி, “ஊட்ட ஆய்த்தா?” சாப்பிட்டாயிற்றா என்பது. காலை பத்தரைக்கும் அதே கேள்விதான். பிறகு கோப்பை இரண்டு கையாலும் வாங்கி, பூனைக்குட்டியைப் போல மேசைமேல் வைத்து, “நோடோணா” என்பார். பார்க்கலாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னால் கோப்பு கூடுதல் விவரம் கேட்டு ஒருநாள் திரும்பும். கண்ணாடியைக் கழற்றி டை நுனியால் துடைத்துக்கொண்டே சொன்னால் திரும்பாது. எழுந்து நின்று சொன்னால் நாம் வெளியே போக வேண்டும். அவர் எதையும் மறுத்ததாகச் சொல்ல முடியாது. அனுமதித்ததாகவும் சொல்ல முடியாது. அவர் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குப் பல வருடம் தெரியாது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரும் சொல்லாமலே வந்து, ஒரு பகல் முழுக்க என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்போதும் டை கட்டியிருந்தார்.

அவர் என்னிடம் பேசுவது கன்னடத்தில், தமிழில் எழுதுகிறேன்.

“எவ்வளவு தூரம் தோண்டணும், ரகு?”

“மண் கிடைக்கிற வரைக்கும் சார்.”

“மண் எங்க கிடைக்கும்?”

“தோண்டினாத்தான் தெரியும் சார்.”

“தோண்டி முடிச்சப்புறம் எதைக் காட்டுவீங்க?”

“காட்ட ஒண்ணும் இருக்காது சார். லைன் ட்ரிப் ஆகாது.”

“ஆகாததை ஆடிட்காரங்களுக்கு எப்படிக் காட்டறது?” கண்ணாடியைக் கழற்றினார். “நோடோணா.”

அந்தக் கோப்பு அங்கேயே கிடந்திருக்கும். ஆனால் அமைச்சர் ஒருவர் மலையடிவாரத்தில் கூட்டம் பேச வந்தார். மாலை நேரம், தூரத்தில் இடிச்சத்தம். “எங்கள் ஆட்சியில் தடையில்லா மின்சாரம்” என்று தொடங்கினார். ‘தடை’ வரை மைக்கில் கேட்டது. மிச்சத்தை அவர் தொண்டையால் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் காலை எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் திடீரென்று மின்னலில் ஆர்வம் பிறந்தது. அவரவர் மேசையில் மின்னலைப் பற்றிய புத்தகங்கள் தெரிந்தன. அட்டை கசங்காத புத்தகங்கள்.

சில வாரங்களில் பெங்களூரில் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்கு எங்களை அழைத்தார்கள். ரோஹித் என்ற இளைஞர் மேடையில் நின்றார். வெளிநாட்டுக் கருவி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. திரையில் ஒரு பெரிய இரும்புக் குடை தெரிந்தது. குடை முழுக்க முள்ளம்பன்றியைப் போல ஆயிரக்கணக்கான ஊசிகள். இதைக் கோபுர உச்சியில் வைத்தால், ஊசிகள் வழியாக நிலத்தின் மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வானத்தில் கசிந்து, மேகம் சாந்தமாகி, மின்னல் உருவாகவே உருவாகாது என்றார். மேகத்துக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்ளும் கருவி. கைதட்டினார்கள். நான் எழுந்தேன்.

“இந்தக் குடைமேலயே மின்னல் விழுந்தது உண்டா?”

“விழாது சார்.”

“விழுந்தா?”

“விழுந்தா, அது இன்ஸ்டலேஷன் தப்பு சார்.”

மறுபடி கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த நஞ்சுண்டையா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்து, “ஊட்ட ரொம்ப நல்லா இருக்காம், வாங்க” என்றார். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. மூன்று வகை இனிப்பு. மண்ணில் கம்பி புதைப்பதை விளக்க நான் ஒரு தடவைகூட யாருக்கும் இனிப்புக் கொடுத்ததில்லை. அது என் முறையில் இருந்த பெரிய குறை.

குடைக்கு உத்தரவு அதிவேகமாக வந்தது. முகட்டில் நின்ற கோபுரங்களுக்கெல்லாம் குடை. முதல் குடையின் கடைசி போல்ட்டுகளை அமைச்சர் முன்னிலையில் முடுக்குவது, அவர் கீழே பொத்தானை அழுத்துவது என்று ஏற்பாடு. குடைக்குப் பொத்தான் கிடையாது. ஆனால் பொத்தான் இல்லாமல் எதைத் திறந்துவைப்பது? ஒரு மேசைமேல் சிவப்புப் பொத்தான் வைத்து, அதிலிருந்து ஒரு வயரைக் கோபுரத்தின் கால்வரை இழுத்துக் கட்டினோம். அது எதையும் எதோடும் இணைக்கவில்லை.

விழா நாள் ஏப்ரல் மாதம், பிற்பகல். மின்னலைப் பற்றிய விழாவுக்கு மின்னல் வரும் மாதத்தையும் மின்னல் வரும் வேளையையும் தேர்ந்தெடுத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆள் மேலே ஏற வேண்டியிருந்ததால் காலையிலேயே லைனை நிறுத்திவிட்டோம். முகட்டில் பந்தல், நாற்காலிகள், மைக், கோபுரத்தின் நான்கு கால்களிலும் சாமந்தி மாலை. மேலே இரண்டு பேர். ஒருவன் முனுசாமியின் மருமகன் ஏழுமலை. கல்யாணமாகி நான்கைந்து மாதம்தான் ஆகியிருந்தது. இன்னொருவன் ஏழுமலையின் கூட்டாளி. அமைச்சர் வரும்வரை போல்ட்டை முடுக்காமல், முடுக்குவது போலவே இருக்கச் சொல்லியிருந்தார்கள். புகைப்படக்காரர் கீழே தயாராக இருந்தார்.

அமைச்சர் வரவில்லை. மேற்கே கடல் பக்கமிருந்து மேகம் வந்தது. முதலில் சாம்பல் நிறம், பிறகு நாவல்பழ நிறம். காற்று நின்றது. எங்கோ ஒரு உறுமல்.

நஞ்சுண்டையாவிடம் போனேன். “சார், ஆளுங்களை இறக்கணும்.”

“அமைச்சர் கிளம்பிட்டாராம் ரகு. இப்ப வந்துடுவார்.”

“அவருக்கு முன்னால இது வந்துடும் சார்.” மேகத்தைக் காட்டினேன்.

ரோஹித் குறுக்கே வந்தார். “சார், கவலையே வேண்டாம். நம்ம ப்ராடக்ட் மேல இருக்கு. இந்த மலையிலேயே சேஃபான இடம் குடைக்குக் கீழதான்.”

நஞ்சுண்டையா மேலே பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். ரோஹித்தைப் பார்த்தார். “நோடோணா” என்றார்.

அடுத்த உறுமல் பக்கத்து மலையிலிருந்து வந்தது. அதன் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை. முனுசாமியிடம் ஓடினேன்.

“ஆளுங்களை இறக்குங்க. இப்பவே.”

“பெரிய சாரு ஒண்ணும் சொல்லலியே சார்?”

“நான் சொல்றேன்யா. இறக்கு!”

முனுசாமி ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கோபுரத்தடிக்கு ஓடி, இரண்டு கையையும் வாயில் குவித்து மேலே பார்த்துக் கத்தினார். அதற்குள் காற்று திரும்ப எழுந்திருந்ததால் என்ன கத்தினார் என்று எனக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் இறங்க ஆரம்பித்தார்கள். கோபுரத்தில் இறங்குவது ஏறுவதைவிட மெதுவாகத்தான் நடக்கும். பாதுகாப்புக் கொக்கியை மாற்றி மாற்றி மாட்ட வேண்டும். அந்த நேரம் முழுக்க நான் மேகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். புகைப்படக்காரர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நஞ்சுண்டையா என் பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல் கேட்டார்: “இது யார் ஆர்டர்?”

“என்னுது சார்.”

“சரி” என்று சொல்லி இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அந்த இரண்டடி எதற்கு என்பது பயிற்சியின் இரண்டாம் பாதி படித்த எனக்குப் புரிந்தது.

காலைத் தரையில் வைத்ததும் இரண்டு பேரையும் ஜீப்புக்குள் தள்ளினேன். பந்தலில் இருந்தவர்களை எல்லாம் கார்களுக்கும் வேன்களுக்கும் விரட்டினேன். நான்கு பக்கமும் இரும்பு மூடிய வண்டிக்குள் இருப்பதுதான் அந்த நேரத்தில் பத்திரம். குடைக்குக் கீழேதான் பத்திரம் என்று சொன்ன ரோஹித் எங்களுக்கு முன்பே ஒரு காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரியாக அப்போது அமைச்சரின் வண்டிகள் வந்து நின்றன. கண்ணாடி இறங்கியது.

“எல்லாரும் எங்கப்பா? திறப்பு விழா எங்க?”

“தயவுசெஞ்சு இறங்காதீங்க சார்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஜீப்பில் ஏறிக் கதவை இழுத்தேன்.

உலகம் வெள்ளையானது. சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் இடித்தது. கண் தெளிந்தபோது குடை ஒரு பக்கம் சாய்ந்து புகைந்துகொண்டிருந்தது. மைக் செட் எரிந்தது. கோபுரத்தின் காலோடு கட்டியிருந்த அந்த வெற்று வயர் வழியாக மின்னல் மேசைக்கும் வந்திருந்தது. சிவப்புப் பொத்தான் இருந்த இடத்தில் ஒரு கருப்பு ஓட்டை. அழுத்த வேண்டிய விரல் காருக்குள் இருந்தது. குடையை மின்னலே திறந்துவைத்துவிட்டது.

ஜீப்பின் தரையில் உட்கார்ந்திருந்த ஏழுமலை சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியவில்லை அவனுக்கு. சிரித்துக்கொண்டே அழுதான். முனுசாமி அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே அறிக்கை தயாரானது. ‘கருவியின்மேல் மின்னல் நேரடியாகத் தாக்கியும் லைன் ட்ரிப் ஆகவில்லை. கருவியின் செயல்பாடு நிரூபணமாகியுள்ளது.’ லைன் காலையிலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது என்பது அறிக்கையில் இல்லை. அது விழா ஏற்பாடுகள் என்ற வேறு தலைப்பில் வருவதாம். டிப்போவில் நின்ற பஸ் விபத்தில் சிக்கவில்லை என்று டிரைவருக்குப் பதக்கம் கொடுத்த மாதிரி. எனக்கு மெமோ வந்தது: மேலதிகாரியின் உத்தரவின்றி விழாவைக் குலைத்தது ஏன்? இறக்கச் சொன்னது நான்தான், காரணத்தைக் கோபுர உச்சியில் பார்க்கலாம், கருகிப்போய் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பதில் எழுதினேன்.

ஆனால் கருகிய குடையைக் கணக்கில் எங்கே வைப்பது என்று ஒரு கேள்வி எழுந்தது. அதற்காக நஞ்சுண்டையாவின் அறையில் கூட்டம். ரோஹித்தும் வந்திருந்தார்.

“குடை ஏன் எரிஞ்சது?” என்று நிதிப் பிரிவுக்காரர் கேட்டார்.

“டவரோட எர்த்திங் சரியில்ல சார்” என்றார் ரோஹித் பட்டென்று. “எங்க கம்பெனி ரூல்படி கால் நல்லா மண்ணோட கனெக்ட் ஆகியிருக்கணும். இல்லேன்னா வாரண்டி கிடையாது.”

எனக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டு கேட்டேன். “அப்படின்னா எல்லா டவருக்கும் நிலத்துல கம்பி புதைச்சே ஆகணுமா?”

“கட்டாயம் சார். அது இல்லாம எங்க குடை வேலையே செய்யாது.”

“மண் கிடைக்கிற வரைக்கும்?”

“மண் கிடைக்கிற வரைக்கும் சார்.”

நான் நஞ்சுண்டையாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “குடைக்கு வேணும்னா செஞ்சுதானே ஆகணும்” என்றார். ‘குடைக்கான துணை வேலைகள்’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன். பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

அடுத்த கோடைக்கு முன்னால் முனுசாமியின் ஆட்கள் எல்லாக் கோபுரத்திலும் குடை மாட்டி, முகடு முழுக்கப் பள்ளம் தோண்டிக் கம்பி புதைத்தார்கள். ஏழுமலையும் வந்தான். “இன்னா சார், குடைக்கு வேரு வுடறோமா?” என்று முனுசாமி கேட்டார். “ஆமா, தண்ணி மட்டும் ஊத்தாதீங்க” என்றேன். கோபுரத்துக்குக் கோபுரம், எர்த் வயரைப் பிரித்துவைத்து, வெயிலில் காய்ந்த நிலத்தில் அளந்தேன். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. மூடிய பள்ளத்தின்மேல் முதல் மழைக்குப் புல் முளைத்துவிட்டது.

அந்த ஏப்ரலில் மின்னல் வழக்கம்போல வந்தது. லைன் நின்றது. நின்றது என்றால் ட்ரிப் ஆகாமல், அசையாமல் நின்றது. அடுத்த ஏப்ரலிலும் அப்படித்தான். குடையின் புகழ் மாநிலம் தாண்டியது. வெளிமாநிலப் பொறியாளர்கள் பஸ் வைத்துக்கொண்டு வந்தார்கள். கம்பி புதைத்த புல்மேல் நின்றுகொண்டு, தலையை அண்ணாந்து குடையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நஞ்சுண்டையா கருத்தரங்குகளில் குடையைப் பற்றிப் பேசினார், இயக்குநர் ஆனார், சால்வைகளோடு ஓய்வுபெற்றார். பிறகு மலைக்காற்றும் துருவும் சேர்ந்து குடைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளின. லைன் அப்போதும் ட்ரிப் ஆகவில்லை. இதை ஆராய ஒரு குழு வந்தது. குடைகளின் நற்பலன் அவை விழுந்த பிறகும் நீடிக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

நானும் ஓய்வுபெற்று, தொம்மலூரில் கதவு தட்டும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வருடம் ஒரு காலை, எங்கள் தெரு முனையில் நின்றுகொண்டே சாப்பிடும் ஹோட்டலில் நஞ்சுண்டையாவைப் பார்த்தேன். டை இல்லை. கைத்தடி இருந்தது. மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாராம். பை-டூ காபி வாங்கி ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு நின்றோம். பேச்சு குடைக்கு வந்தது.

“ரகு, நான் குடையை நம்பினேன்னு நினைச்சீங்களா?”

“நம்பலியா சார்?”

“உங்க ரிப்போர்ட்டை மூணு தடவை படிச்சேன். பள்ளம் தோண்டணும்னு நான் எழுதியிருந்தா பத்து வருஷம் ஆகியிருக்கும். குடைன்னா ஒரே மாசம். குடை மேல வந்தா பள்ளம் பின்னாலயே வரும்னு தெரியும்.”

இதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. வயதான பிறகு எல்லாருமே எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

“சரி சார். அன்னிக்கு ஏன் ஆளுங்களை இறக்கச் சொல்லல?”

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்குத்தான் நீங்க இருந்தீங்களே. நீங்க இறக்கிடுவீங்கன்னு தெரியும்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை வருடத்தில் அவர்மேல் எனக்கு வந்த முதல் கோபம் அதுதான். “நான் அன்னிக்கு லீவுல இருந்திருந்தா? மேல இருந்தானே ஏழுமலை, அவன் இங்கதான் நீலசந்திராவுல கிரில் கடை வெச்சிருக்கான். போய் அவன்கிட்ட சொல்லுங்க சார் இதை.”

மழுப்பிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் காபியைக் கீழே வைத்தார். “ஆட்டோ கூப்பிடுங்க” என்றார்.

ஏழுமலையை நான் கடைசியாகப் பார்த்தது முனுசாமியின் சாவுக்குப் போனபோது. தலை நரைத்துவிட்டது. வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அடடே, வாங்க சார்” என்று என்னை வரவேற்றான். பிறகு எனக்குப் பின்னால் கைத்தடியோடு நின்றவரைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“பெரிய சாரா?”

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து தடாலென்று அவர் காலைத் தொட்டான். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்து மனைவியைக் கூவி அழைத்தான்: “சாந்தி! ஓடியா! நான் சொல்லிக்கினே இருப்பேன்ல, அன்னிக்கி டவர்லேர்ந்து எங்களை எறங்கச் சொன்ன சாரு, வந்துகிறாரு பாரு!”

நஞ்சுண்டையா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எங்க மாமா கீழேர்ந்து கத்தினாரு சார், ‘பெரிய சாரு ஆர்டரு, எறங்குங்கடா’ன்னு. இன்னும் ரெண்டே போல்ட்டுதான் பாக்கி. வேற யாரு சொல்லியிருந்தாலும் முடிச்சிட்டுத்தான் எறங்கியிருப்போம்.”

காற்றில் எனக்குக் கேட்காமல் போனது அதுதான். முனுசாமி ஆளறிந்து கத்தியிருக்கிறார்.

நஞ்சுண்டையாவுக்குத் தமிழ் தெரியும். சினிமா பார்த்துக் கற்ற தமிழ். “இல்லப்பா” என்றார். “நான் ஹேளலே... நான் சொல்லலே. சொன்னது இவரு, ரகு. நான் சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன். நீங்க மேல இருந்தீங்க, நான் சும்மா நின்னேன்.”

அவர் வாயிலிருந்து இப்படித் தப்பிக்க வழியில்லாத ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. ஏழுமலை அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா சாந்தி? இத்தினி வருசம் கழிச்சும் பேரைத் தான் எடுத்துக்க மாட்டேன்றாரு. பெரியவங்கன்னா சும்மாவா?”

“நிஜமாத்தான் சொல்றேன்பா.”

“தெரியும் சார், தெரியும் சார்” என்று அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான். சாந்தி உள்ளே போய் மகளை அழைத்துவந்தாள். பி.காம். படிக்கிறாளாம். அந்தப் பெண் பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அவர் காலைத் தொட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கையை அவள் தலைமேல் வைத்தார்.

காபி வந்தது. முதல் டம்ளரை அவருக்குக் கொடுத்தார்கள். எனக்கு இரண்டாவது. நல்ல காபி.